பின்னணி இசையும் நம் கடமையும்

இசை உள்ளத்தை எவ்வாறு பிணிக்கின்றது என்னும் வினாவிற்கு விடை கூறும் ஆற்றல் எனக்கு இல்லை. பண்ணும் திறனும் கற்றுத் துறைபோய பெரியோர்க்குரிய அப்பணியை அவர்க்கே விடுத்து, நாள்தோறும் நம் வீடுகளில் ஒலித்தும் நம்மாற் கருதப்படாது கிடக்கும் ஒருவகை இசையைப்பற்றிச் சில கூறப் புகுகின்றேன். தொலைக்காட்சி நாடகத் தொடர்களில் மாந்தர் பேசுங்காலும், அழுங்காலும், வாளா நிற்குங்காலும் அவர்க்குப் பின்னே ஒலிக்கும் கருவியிசையே அது. பாடல்களை நாம் நினைவில் வைத்துப் பாடுகின்றோம். பாடியவர் பெயரையும் அறிவோம். பின்னணி இசையையோ, கேட்கின்றோம் என்பதையும் உணராமலே கேட்கின்றோம். உணராமற் கேட்பது உள்ளத்தில் ஆழப் புகும். ஆதலின் அதனை ஆராய்தல் நம் கடன் என்பது என் துணிபு.

இத்துணிபு எனக்கு ஒரு பிழையால் வந்தது. சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்ற விழாவில் சிலப்பதிகாரத்து வழக்குரை காதை நாடகமாக நடிக்கப்பட்டதை அன்பர்கள் மறந்திரார். அதற்கு இசை அமைக்கும் பொறுப்பு என்பால் விடப்பட்டது. யான் செய்தது யாது? கைப்பேசியில் தேடிச் 'சோகம்' என்று பெயரிடப்பட்டிருந்த கருவியிசை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒற்றைச் சிலம்பைக் கையில் ஏந்திக் கண்ணகி அவை புகுந்தாள். யான் இசையை ஒலிக்கச் செய்தேன். இரண்டு நொடியில் அரங்கின் பின்வரிசையினின்றும் சிரிப்பு எழுந்தது. அடுத்த நொடியில் அரங்கம் முழுவதும் சிரித்தது. இரவுத் தொடர் ஒன்றில் மருமகள் வீட்டைவிட்டு வெளியே தள்ளப்படும்போதெல்லாம் ஒலிக்கும் இசையாம் அது! கண்ணகியாக நடித்த மாணவியார் வாய் திறந்தும் பேசமாட்டாது நின்ற நிலையை இன்று நினைப்பினும் எனக்கு நாணம் உண்டாகின்றது. சிரித்தவர்மேற் குற்றம் இல்லை. பாண்டியன் அவைக்கென்று செய்யப்படாத இசையைப் பாண்டியன் அவையில் ஒலிக்கவிட்டவன் யானே.

அவ்விடுமுறையில் திண்டிவனத்தில் உள்ள எங்கள் வீட்டிற்குச் சென்றேன். அங்கு என் பாட்டியார் இருக்கின்றார். அகவை எழுபத்தெட்டு, கண்பார்வை பெரிதும் மங்கிவிட்டது. ஆயினும் மாலைத் தொடர்களை அவர் விடுவதில்லை. சாய்வு நாற்காலியிற் கண்மூடி அமர்ந்து, காதாலேயே அவற்றைக் காண்பார். ஒருநாள் அவர் அருகில் இருந்தேன். திரையில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. பாட்டியார், "தம்பி, அவ இப்ப அழப்போறா, பாரு" என்றார். அவ்வாறே அவள் அழுதாள். "எப்படி ஆயா தெரிஞ்சது?" என்று கேட்டேன். "பிடில் இழுத்தானே, கேக்கலையா? மூணு வருஷமா அதையேதானே இழுக்கிறான்" என்று விடையிறுத்தார்.

மறுநாள் யான் இதனை மறுதலையாகச் செய்து பார்த்தேன். பாட்டியார் உறங்கியபின் ஒலியை முற்றும் அடக்கிப் படத்தை மட்டும் கண்டேன். கொடியவள் என்று யாவரும் ஏசும் மாமியார் மாடிப்படியில் இறங்கி வந்தார். ஒலி இருந்த நாள்களில் அவர் நடையிலே நஞ்சு இருந்தது. ஒலி அடங்கிய அன்றோ, முழங்கால் வலியோடு படியிறங்கும் ஒரு முதியவராகவே அவர் எனக்குத் தோன்றினார்.

இவ்விரு சோதனைகளாலும் யான் அறிந்தது இது: யாரை நம்புவது, யாரை வெறுப்பது, எவ்விடத்தில் இரங்குவது என்பவற்றை நாம் எண்ணுமுன்னரே நமக்காகத் தீர்ப்பளித்துவிடும் ஆற்றல் பின்னணி இசைக்கு உண்டு. முகத்தைக் கண்டு, சொல்லைக் கேட்டு, பின்னர் நாமே தெளியவேண்டிய ஒன்றை அது முந்திக்கொண்டு கூறிவிடுகின்றது. பெருந்தொகையான இல்லங்களில் இரவுதோறும் நிகழும் இச்செயலைச் சிறிதென்று தள்ளுதல் தகாது.

இக்கலையின் இயல்பைச் சிறிது நோக்குவோம். படங்கள் வாய் பேசாதிருந்த காலத்தே இது தோன்றியது. 1908-ஆம் ஆண்டில் 'கீஸ் பிரபுவின் கொலை' என்னும் பிரெஞ்சு ஊமைப்படத்திற்கென்றே, இசையுலகிற் பெரும்புகழ் எய்தியிருந்த காமில் சேன்-சான்ஸ் என்பார் தனியிசை எழுதினார். நம் நாட்டில் 1931-ஆம் ஆண்டில் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. பேச்சு வந்தபின் இசை தேவையற்றுப் போயிருத்தல் வேண்டும் அன்றோ? அவ்வாறு நிகழவில்லை. சொல்லாற் கூற இயலாததைக் கூறும் பொறுப்பு இசைக்கு எஞ்சி நின்றது.

நன்முறையில் இசை அமைப்போர் செய்யும் வேலை வருமாறு: படம் எடுத்துத் தொகுக்கப்பட்ட பின்னர் இசையமைப்பாளர் அதனை முழுவதும் காண்பார், எவ்விடத்தில் இசை தொடங்கல் வேண்டும், எவ்விடத்தில் ஓய்தல் வேண்டும் என்று இயக்குநரோடு கலந்து குறித்துக்கொள்வார், ஒவ்வோரிடத்தின் கால அளவையும் நொடிக்கணக்கில் அளந்து அதற்கேற்ப இயற்றுவார், பேச்சு நிகழும் இடத்தில் மனிதக் குரலை மறைக்காத கருவியையே தேர்வார். 1976-ஆம் ஆண்டில் 'அன்னக்கிளி' வாயிலாக அறிமுகமான இளையராஜா அவர்கள், படத்தைப் பார்த்து, ஒவ்வொரு கருவிக்கும் உரிய இசையை மேனாட்டுக் குறியீட்டில் தம் கையாலேயே எழுதி வாசிக்கச் செய்பவர் என்பது பலரும் அறிந்தது. அவர் படங்களிற் சில காட்சிகள் பாடல் இன்றியும் மறவாமல் நிற்றற்கு இதுவே காரணம்.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. வாரத்திற்கு ஒருநாளாகப் பதின்மூன்று வாரங்களில் முடியும் தொடர்கள் முற்காலத்தில் வந்தன. தனியார் நிலையங்கள் பெருகியபின் நாள்தோறும் வரும் நெடுந்தொடர்கள் தலையெடுத்தன. 2002 முதல் 2005 வரை ஒளிபரப்பான 'மெட்டி ஒலி' 800-க்கு மேற்பட்ட பகுதிகளாக நிகழ்ந்தது. இன்று எடுத்ததை ஓரிரு நாளில் ஒளிபரப்பவேண்டிய நெருக்கடியில், ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாக இசை இயற்றுதல் எங்ஙனம் கூடும்? ஆகவே மகிழ்ச்சிக்கு ஒன்று, துயருக்கு ஒன்று, அச்சத்திற்கு ஒன்று, சூழ்ச்சிக்கு ஒன்று என இசைத்துண்டுகளை முன்னரே கீபோர்டில் வாசித்துப் பதிந்து வைத்துக்கொண்டு, ஒலியைத் தொகுப்பவர் அவற்றை வேண்டுமிடத்தில் ஒட்டும் வழக்கம் உண்டாயிற்று. என் பாட்டியார் கேட்ட பிடில் இவ்வாறு ஒட்டப்பட்டதே. அது பிடிலும் அன்று. பிடில்போல் ஒலிக்கும் கீபோர்டு.

ஈண்டு ஒரு தடை எழும். "இரவுத் தொடரை எவரும் அமைதியாக அமர்ந்து பார்ப்பதில்லை. அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டும், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டும் பார்க்கின்றனர். 'இப்போது திரையைப் பார்' என்று அவர்களை அழைப்பது அவ்விசையே. அதனை மென்மையாக்கினால் தொடரே விளங்காது" என்று தொடர்களை விரும்பும் என் தாயார் என்னை மறுத்துரைத்தார். இது புறக்கணிக்கத்தக்க தடையன்று. பகலெல்லாம் உழைத்த ஒருவர் அடுப்படியில் நின்று கதை கேட்பதை இகழ யான் யார்? இத்தடைக்கு விடை எனக்கு வீட்டிற் கிடைக்கவில்லை. விழுப்புரத்திற்கு அப்பால் ஒரு சிற்றூரிற் கிடைத்தது.

சென்ற வைகாசியில் வகுப்புத் தோழர் ஒருவர் அழைக்க, விழுப்புரத்தினின்றும் செஞ்சி செல்லும் சாலையை அடுத்த அவர் ஊருக்குச் சென்றேன். அங்குத் திரௌபதியம்மன் விழா நிகழ்ந்துகொண்டிருந்தது. செஞ்சி நாடு இவ்வழிபாட்டிற்குத் தாயகம் போன்றது. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் 1988-ஆம் ஆண்டில் திரௌபதி வழிபாட்டைப்பற்றி வெளியிட்ட பெருநூலின் முதற் பகுதிக்குச் செஞ்சியின் பெயரைத் தலைப்பிலேயே வைத்துள்ளார். பகலிற் பாரதம் படித்தலும் இரவிற் கூத்து நிகழ்த்தலும் இவ்விழாக்களின் முறை. யான் கிறித்தவக் குடியிற் பிறந்தவன்; ஓர் இரவு முழுதும் விழித்திருந்து கூத்துக் கண்டது அதுவே முதன்முறை.

களரியின் பின்புறத்தே ஒரு நீண்ட பலகையில் ஆர்மோனியக்காரரும், மத்தளக்காரரும், தாளக்காரரும் அமர்ந்திருந்தனர். அவர்களுக்கு ஓரத்தில் முகவீணைக்காரர் ஒருவர் இருந்தார். முகவீணை பெயரால் வீணையாயினும் ஊதும் கருவியே. நாகசுரத்தின் தம்பி எனலாம். ஒரு முழ நீளமும் இராது. அதன் ஒலியோ ஊரின் எல்லைவரை செல்லும். அன்று நிகழ்ந்தது துகிலுரிதற் கூத்து. பார்த்திருந்தவருட் பாதிப்பேர் நள்ளிரவில் உறங்கினர்; சிலர் தேநீர் குடிக்கச் சென்றனர்; பிள்ளைகள் ஓடித்திரிந்தனர். துச்சாதனன் திரைக்குப் பின்னே வந்து நின்றதும் மத்தளமும் முகவீணையும் ஒருங்கே முழங்கின. உறங்கியவர் அனைவரும் எழுந்து அமர்ந்தனர். என் தாயாரின் அடுக்களையும் அக்கூத்துக்களமும் ஒன்றே என்று அப்பொழுது உணர்ந்தேன். உரத்து ஒலித்தல் குற்றமன்று, அழைத்தலும் குற்றமன்று.

வேறுபாடு பின்னர் விளங்கியது. திரௌபதி அவை நடுவே இழுத்து வரப்பட்டாள். தன்னைத் தோற்றபின் என்னைத் தோற்க அவருக்கு உரிமை உண்டோ என்று அவள் அவையை நோக்கி வினவத் தொடங்கினாள். அந்நொடியில் எல்லாக் கருவியும் ஓய்ந்தன. தாளமும் ஒலிக்கவில்லை. அவ்வினா தனியே நின்றது. முகவீணைக்காரரை நோக்கினேன். கருவியை வாயினின்றும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நடிகரின் முகத்தையே கண்கொட்டாது பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குரல் தழுதழுத்து இறங்கிய பின்னரே அவர் மெல்ல ஒரு சுரத்தை எடுத்து, அக்குரல் விட்ட இடத்தினின்றும் தொடர்ந்தார். என் கண்ணகியும் அவ்வாறே ஓர் அவையில் நீதி கேட்டு நின்றவள். அவளுக்கு யான் வேண்டிய அமைதியைக் கொடுக்கவில்லையே என்று அவ்விடத்தே வருந்தினேன்.

காலையில் முகவீணைக்காரரை அணுகி, "எங்கே ஊதணும், எங்கே நிறுத்தணும்னு எப்படிங்க ஐயா தெரியுது?" என்று கேட்டேன். "ஆடறவரைப் பார்த்துக்கிட்டே இருக்கணும் தம்பி, அவ்வளவுதான்" என்றார். தமக்குப்பின் அக்கருவியை வாசிக்கத் தம் குழுவில் ஒருவரும் பழகவில்லை என்றும் கூறினார். எங்கள் ஆலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவரும் இவ்வாறே செய்வதை யான் சிறுவயது முதற் கண்டிருக்கின்றேன். திருவிருந்து வேளையில் மக்கள் எழுந்து சென்று திரும்பும்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டே மெல்ல வாசிப்பார். கடைசியில் வரும் முதியவர் இருக்கையில் அமர்ந்தபின்னரே நிறுத்துவார். ஒட்டப்பட்ட இசைக்கு இல்லாதது இந்தப் பார்வையே. அதற்குக் கண் இல்லை. முன் நிற்பவர் யாரென்று அஃது அறியாது.

நம் முன்னோர் இவ்வுண்மையை நன்குணர்ந்திருந்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலுக்குத் துணைநின்றோரை இளங்கோவடிகள் ஒருவர்பின் ஒருவராக நிறுத்துகின்றார். இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோர் ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதிகள் விரித்துரைக்கப்படுகின்றன. அவருள் தண்ணுமை முழக்குவோன், பிற கருவிகள் குறைந்த இடத்தை நிரப்பவும் மிகுந்த இடத்தை அடக்கவும் வல்லவனாதல் வேண்டும் என்பது அங்குப் பெறப்படும் கருத்து. அடக்கத் தெரிதலும் ஒரு தகுதியாக எண்ணப்பட்டமை கருதத்தக்கது. ஆடியவளுக்கு மட்டுமன்றிப் பின்னே நின்றோர்க்கும் அக்காப்பியம் இடங்கொடுத்துள்ளது. நம் தொடர்களிலோ இசையமைத்தவர் பெயர் கண் இமைக்குமுன் ஓடி மறைகின்றது.

தொல்காப்பியர் கருப்பொருளை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்து வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என நிலந்தோறும் ஒலி வேறுபடும் என்று பின்னோர் விளக்கினர். இதனைப் பாடமாகப் படிக்கும் நாம், வாழ்விலும் இது மெய்யென்று காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திண்டிவனத்தினின்றும் மேற்கே ஒருமணி நேரம் பேருந்திற் சென்றால் செஞ்சியின் பாறைமலைகள். கிழக்கே அவ்வளவு நேரம் சென்றால் மரக்காணத்து உப்பளங்களும் கடலும். இடையில் ஏரிப்பாசன நெல்வயல்கள். மேல்மலையனூர்த் திருவிழாவில் ஒலிக்கும் பம்பையின் ஓசை ஒன்று. விழுப்புரம் சந்திப்பில் ஐந்து திசைக்கும் பிரியும் வண்டிகளின் ஓசை மற்றொன்று. இவையெல்லாம் ஒரு தொடரில் வருமாயின், மலைக்கும் கடலுக்கும் வயலுக்கும் ஒரே கீபோர்டுத் துண்டுதானே ஒலிக்கும்! நிலம் இழந்த இசை, மாந்தரையும் நிலம் இழந்தவராக்கிவிடுகின்றது.

தொலைக்காட்சிக்கு நல்லிசை இயலாது என்பார் ஒருவரை நினைத்தல் வேண்டும். 1980-களின் பிற்பகுதியில் ஆர். கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் இயக்க, 'மால்குடி டேஸ்' என்னும் தொடர் தூர்தர்ஷனில் வந்தது. அதற்கு இசை அமைத்தவர் எல். வைத்தியநாதன்; வயலின் மேதைகளான எல். சுப்பிரமணியம், எல். சங்கர் ஆகியோரின் தமையனார். பொருளுடைய சொல் ஒன்றும் இல்லாத அதன் முகப்பிசையைக் கேட்டதும், அத்தொடரைக் கண்டோர் இன்றும் ஒரு சிற்றூரின் தெருவைக் காண்கின்றனர். 1987-ஆம் ஆண்டில் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய 'பேசும் படம்' என்னும் திரைப்படத்தில் உரையாடலே இல்லை. அதற்கும் அவரே இசை அமைத்தார். பேச்சற்ற படம் முழுவதையும் இசையால் நிரப்பித் தள்ளாமல், தெருவோசைக்கும் அமைதிக்கும் இடம் விட்டார். 2007-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் காட்டிய வழி மறையவேண்டுவதில்லை.

ஆகவே யான் வேண்டுவன சிலவே. ஒவ்வொரு காட்சிக்கும் புதிய இசை வேண்டும் என்று கேட்பது இயலாததைக் கேட்பதாகும். ஆனால் ஒரு தொடர் தொடங்குமுன் அதன் ஊருக்கும் அதன் மாந்தர்க்கும் உரிய இசையைத் தனியே இயற்றிக்கொள்ளுதல் இயலும். அவ்விசையிற் கீபோர்டோடு அந்நிலத்துக் கருவி ஒன்றேனும் கலைஞர் கையால் வாசிக்கப்படுதல் இயலும்; ஒருநாட் பதிவு பல நூறு பகுதிகளுக்கு உதவுமாதலின் செலவும் மிகாது; முகவீணைக்காரர்க்கு ஒரு தொழிலும் உண்டாகும். துயரம் மிக்க இடத்தில் ஒரு பத்து நொடியேனும் இசையை நிறுத்துதல் இயலும். அதற்குச் செலவே இல்லை. இசையமைத்தவர், வாசித்தவர் பெயர்களைப் படிக்கும் அளவு திரையில் நிறுத்துதலும் இயலும்.

கடமை அவர்க்கு மட்டும் உரியதன்று. பொருளின்றி வந்த சொல்லைப் பாட்டிற் கண்டால் அதனை வெற்றெனத் தொடுத்தல் என்று குற்றங் கூற நாம் கற்றிருக்கின்றோம். இசையில் அதே குற்றம் நிகழும்போது நம் செவி உறங்குவது ஏன்? இன்றிரவு நம் வீட்டில் ஒரு தொடர் ஓடுமாயின், ஐந்து நிமிடம் ஒலியை அடக்கிக் காண்க. பின்னர் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்க. நமக்காக யார் தீர்ப்பளிக்கின்றார் என்பது புலனாகும்.

இறுதியாக, தமிழ் மன்றத்தார்க்கு ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டு விழாவில் வழக்குரை காதையையே மீண்டும் நடிக்க விடை தருக. இம்முறை கைப்பேசி வேண்டா. மேடையின் ஓரத்தே ஒரு பலகை இட்டு, விழுப்புரத்துப் பக்கத்தினின்றும் முகவீணைக்காரரையும் மத்தளக்காரரையும் அழைத்து அமர்த்துவோம்; அவர்க்கு உரிய ஊதியமும் கொடுப்போம்; அழைப்பிதழில் அவர் பெயரையும் அச்சிடுவோம். நம் மாணவருள் விரும்பியோர் அவரிடம் அக்கருவியைப் பயில ஏற்பாடு செய்வோம். முதல் மாணவனாக யான் அமர்வேன். கண்ணகி அவை புகும்போது அவர்கள் அவள் முகத்தைப் பார்த்து வாசிக்கட்டும். அவள் நீதி கேட்கும்போது வாசிப்பதை நிறுத்தட்டும். அப்பொழுது ஒருவரும் சிரியார் என்பது என் நம்பிக்கை.